வாகைக்குளமா, மதுரையா, திருவனந்தபுரமா? நெல்லைச் சீமையில் இருந்து பறக்க எது தோது

திருநெல்வேலி டவுனில் இருந்தோ பாளையங்கோட்டையில் இருந்தோ புறப்படுகிறவருக்கு மூன்று விமான நிலையங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர் வாங்கிய வாகைக்குளம் சுமார் 32 கி.மீ. மதுரை 150 கி.மீ.க்குச் சற்று மேல். திருவனந்தபுரமும் நாகர்கோவில் வழியாக ஏறத்தாழ அதே 150. எதைப் பிடிப்பது என்று முடிவு செய்யும்போது பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது இணையத்தில் கிடைக்கும் 'இரு விமான நிலையங்களுக்கு இடையே தூரம், பறக்கும் நேரம்' என்ற கணக்கை. நம் ஊர் விஷயத்தில் அதிகம் ஏமாற்றுவதும் அந்தக் கணக்குதான். ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் சுலபம்.

முதலில் தூரம். வாகைக்குளம் ஓடுதளம் 8.72 பாகை வடக்கு, 78.03 பாகை கிழக்கு. சென்னை மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. வடக்கு-தெற்கில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று வைத்தால் 4.27 பாகைக்கு 474 கி.மீ. கிழக்கு-மேற்கில் நம் அட்சரேகையில் ஒரு பாகை கொஞ்சம் சுருங்கும், 109 என்று வைக்கலாம், 2.14 பாகைக்கு 233 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 528. பூமியின் வளைவைச் சேர்த்துத் துல்லியமாகப் போட்டாலும் 530-ஐ ஒட்டித்தான் வரும். தமிழ்நாட்டுக்குள் இந்தக் கைக்கணக்கே போதும். துபாய், சிங்கப்பூர் மாதிரி நீண்ட தூரத்துக்குத்தான் கோள வடிவக் கணக்கு வேண்டும்.

அதே முறையில் மதுரை-சென்னை 418 கி.மீ., திருவனந்தபுரம்-சென்னை 615 கி.மீ. ஒரு தளத்தில் 530 என்றும் இன்னொன்றில் 286 என்றும் கண்டால் குழம்ப வேண்டாம். இரண்டாவது கடல் மைல். விமானிகள் கணக்கிடுவது அதில்தான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சில தளங்கள் விமான நிலையத்துக்குப் பதில் ஊரின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ளும். திருநெல்வேலி என்று தட்டினால் ஜங்ஷனில் இருந்து அளந்து சொல்லும். அங்கே விமானமே கிடையாது.

இனி நேரம். அந்தத் தளங்கள் பெரும்பாலும் செய்வது ஒரே வேலை: தூரத்தை மணிக்கு 800 கி.மீ. வாக்கில் ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துச் சொல்லிவிடும். 530 கி.மீ.க்கு 40 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து ஒரு மணி பத்து நிமிடம். டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாலோ ஒன்றரை மணிக்கு மேல் போட்டிருக்கும். வித்தியாசத்துக்குக் காரணம் விமானத்தின் ரகம். வாகைக்குளத்துக்கு வந்துபோவது பெரும்பாலும் ஏ.டி.ஆர். 72, விசிறி வைத்த டர்போபிராப். அதன் பயண வேகம் மணிக்கு 500 கி.மீ. சொச்சம். 530 கி.மீ.யை அந்த வேகத்தில் கடக்கவே ஒரு மணி நேரம் தாண்டும். ஏ320, போயிங் 737 எல்லாம் 830 கி.மீ. வேகத்தில் போகிறவை.

டிக்கெட்டில் அச்சிடும் நேரமும் பறக்கும் நேரம் கிடையாது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததில் இருந்து, இறங்கிய ஊரில் நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. துறையில் பிளாக் டைம் என்பார்கள். அதற்குள் ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானம் கிளம்பக் காத்திருப்பது, சென்னை வான்வெளியில் வரிசையில் சேர்வதற்காகச் சுற்றுவது, இறங்கிய பிறகு மறுபடி ஊர்வது எல்லாம் அடக்கம். அதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமும் சேர்த்துக்கொள்ளும், சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்தால் நல்ல பேர்தானே. வாகைக்குளத்தில் ஊர்வதற்கு ஐந்து நிமிடம் போதும். நெரிசல் எல்லாம் சென்னையில்தான். காலை நேரத்தில் இறங்கும் வரிசை நீண்டால் கடலோரத்தில் ஒரு சுற்று கூடுதலாகவே சுற்ற விடுவார்கள்.

இதனால் வருகிற விசித்திரத்தைப் பாருங்கள். 530 கி.மீ. உள்ள வாகைக்குளம்-சென்னைக்கு சுமார் 1 மணி 35 நிமிடம். 615 கி.மீ. உள்ள திருவனந்தபுரம்-சென்னைக்கு ஜெட் என்றால் 1 மணி 20 நிமிடம். 418 கி.மீ. உள்ள மதுரை-சென்னைக்கு 1 மணி 10 முதல் 20 நிமிடம். மதுரையை விடத் திருவனந்தபுரம் கிட்டத்தட்ட 200 கி.மீ. அதிகம், ஆனால் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெட் விமானம் முழு வேகத்தைத் தொட்டுக் கொஞ்ச நேரம் போவதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். இவ்வளவு குறுகிய வழியில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது என்ற நிலையான நேரமே பெரிய பங்கு. தூரம் கூடுவதும் குறைவதும் பத்து நிமிடக் காரியம்.

ஏ.டி.ஆர். பற்றி இன்னும் சில விஷயங்கள். இருக்கைகள் சுமார் 78. ஏ320-இல் 180-க்கு மேல். அதனால் தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாட்களில் வாகைக்குளம் டிக்கெட் விலை சீக்கிரம் எகிறும். கடைசி நேரத்தில் இடம் இருக்காது. மேலே பெட்டி வைக்கும் அறை சிறியது. ஜெட்டில் சாதாரணமாக உள்ளே வைக்கும் சக்கரப் பெட்டி இதில் போகாமல், படிக்கட்டுப் பக்கத்திலேயே சீட்டுக் கட்டி வாங்கி வயிற்றுப் பகுதியில் ஏற்றிவிடுவார்கள். நகை, மாத்திரை, மடிக்கணினி, பத்திரப்பதிவுக்குக் கொண்டுபோகும் அசல் ஆவணம் இதெல்லாம் தோளில் மாட்டும் சின்னப் பையில் இருக்கட்டும்.

ஏறும் உயரமும் வேறு. ஜெட் 35,000 அடிக்கு மேல் போய் மேகத்தை விட்டு விலகிவிடும். ஏ.டி.ஆர். 25,000 அடிக்குள்ளேயே ஓடுவது; வழக்கமாக இருபதாயிரத்துக்குக் கீழேதான். ஆடிக் காற்று காலத்தில் பிற்பகல் பயணம் என்றால் குலுக்கும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் நுழைந்து கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான். பயப்படத் தேவையில்லை, வயிற்றைப் புரட்டுகிறவர்கள் காலை விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். இருக்கை இறக்கைக்கு அருகில் என்றால் ஆட்டம் குறைவு. எதிர்க்காற்றின் கணக்கும் இதில் கூடுதல். மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று 830 கி.மீ. வேகத்தில் போகிறதை 6 சதவீதம்தான் இழுக்கும். 500-இல் போகிறதைப் பத்து சதவீதம் இழுக்கும்.

வாகைக்குளத்தில் ஏன் ஜெட் இல்லை என்ற கேள்விக்கு நீண்ட காலம் பதில் ஓடுதளம்தான். 1,350 மீட்டர் நீளம், அகலமும் 30 மீட்டர். ஏ.டி.ஆர். முழுச் சுமையோடு கிளம்ப அது மட்டுமட்டான நீளம். மே மாத வெயிலில் காற்று லேசாகும்போது இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். இப்போது ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டு, 45 மீட்டராக அகன்றுவிட்டது. 17,340 சதுர மீட்டர் புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26-ஆம் தேதி திறந்துவைத்தார். மதுரை ஓடுதளமே 2,290 மீட்டருக்குள்தான். திருவனந்தபுரம் சுமார் 3,400. நீளத்தில் வாகைக்குளம் மதுரையை முந்தியாயிற்று. ஆனால் ஓடுதளம் நீண்டால் ஜெட் தானாக வந்து இறங்காது. நாளுக்கு 180 இருக்கை நிரம்புமா என்று நிறுவனம் பார்க்கும். அதுவரை நம் கணக்கை ஏ.டி.ஆர். வேகத்திலேயே போட வேண்டும். பதிவு செய்யும்போது விமான எண்ணுக்குக் கீழே ரகம் போட்டிருக்கும், அதைப் பார்ப்பது நல்லது.

சென்னைக்குப் போக

வீட்டு வாசலில் இருந்து சென்னை முனையத்துக்கு வெளியே கால் வைக்கும் வரை கணக்குப் போடுவோம். புறப்படும் இடம் பாளையங்கோட்டை என்று வைத்துக்கொள்ளலாம். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்டர் 60 நிமிடத்துக்கு முன் மூடிவிடும், ஏறும் வாசல் 25 நிமிடத்துக்கு முன். ஆகவே ஒன்றரை மணி முன்னால் முனையத்தில் இருப்பதாகக் கொள்வோம். சென்னையில் பெட்டி எடுத்து வெளியே வர 25 நிமிடம்.

வாகைக்குளம்: சாலை 45 நிமிடம், காத்திருப்பு 90, விமானம் 95, வெளியேற 25. மொத்தம் 4 மணி 15 நிமிடம். மதுரை: சாலை இரண்டரை மணி, காத்திருப்பு 90 நிமிடம், விமானம் 75, வெளியேற 25, மொத்தம் 5 மணி 40 நிமிடம். திருவனந்தபுரம்: சாலை மூன்றே முக்கால் மணி, பிறகு 90, 80, 25 நிமிடம், மொத்தம் 7 மணி.

சென்னைக்கு என்றால் திருவனந்தபுரத்தை நெல்லைக்காரர் யோசிக்கவே வேண்டாம். 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி தொடங்கிய வந்தே பாரத், நெல்லை ஜங்ஷனில் காலை 6 மணி வாக்கில் கிளம்பி, சுமார் 650 கி.மீ. தண்டவாளத்தை 7 மணி 50 நிமிடத்தில் கடந்து எழும்பூரிலேயே கொண்டுவிட்டுவிடும். மீனம்பாக்கத்தில் இருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் முக்கால் மணி சேர்த்தால் திருவனந்தபுர விமானமும் வந்தே பாரத்தும் சமம், இடையில் டாக்ஸிக் காசு தெண்டம்.

வாகைக்குளம் விமானத்துக்கு உண்மையான போட்டி நெல்லை எக்ஸ்பிரஸ். ராத்திரி எட்டரைக்கு மேல் ஏறிப் படுத்தால் விடிகிற நேரம் தாம்பரம். பதினோரு மணி நேரம் என்று அட்டவணை சொன்னாலும் வேலை நேரத்தில் ஒரு நிமிடம் போவதில்லை. காலை பத்து மணிக்குச் சென்னையில் ஒரு அலுவலகத்தில் நிற்க வேண்டும் என்றால் ரயிலே மேல். மதியம் இரண்டு மணிக் கூட்டம், அன்று இரவே திரும்ப வேண்டும் என்றால் விமானம். வயதானவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவர்கள், 4 மணி நேரம் உட்கார்வதா 11 மணி நேரம் படுப்பதா என்று அவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இடுப்பு வலிக்காரருக்கு ரயில் கீழ்ப்படுக்கைதான் சுகம்.

மதுரையைச் சென்னைக்காகத் தேர்ந்தெடுக்க ஒரே நியாயம் நேரத் தேர்வு. வாகைக்குளத்தில் தோதான நேரத்தில் விமானம் இல்லாமலோ இடம் தீர்ந்தோ போனால் மதுரை. கோவில்பட்டிக்கு வடக்கே போகப் போக இந்தக் கணக்கு மாறும். சாத்தூர், சிவகாசிக்காரருக்கு மதுரைதான் இயல்பு. கோவில்பட்டி நடுவே நிற்கிறது: வாகைக்குளம் அறுபது கி.மீ.க்குள், மதுரை விமான நிலையம் தொண்ணூறைத் தாண்டும். நான்குவழிச் சாலை என்பதால் மதுரைப் பாதையின் நேரம் ஏமாற்றாது.

பெங்களூருக்கும் வாகைக்குளத்தில் இருந்து நேரடி விமானம் உண்டு. நேர்கோட்டில் 500 கி.மீ. என்பதால் சென்னைக் கணக்கே ஏறக்குறைய இதற்கும். ஆனால் தேவனஹள்ளியில் இறங்கிய பிறகு எலக்ட்ரானிக் சிட்டிக்கோ ஒயிட்ஃபீல்டுக்கோ போவதற்குள் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி போய்விடும். அது வானத்தின் குற்றம் இல்லை என்றாலும் கணக்கில் வைக்க வேண்டியது.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும்

இங்கேதான் விமான தூரக் கணக்கு நம்மை ஆச்சரியப்படுத்தும். திருவனந்தபுரம்-துபாய் ஏறத்தாழ 2,950 கி.மீ. மதுரை-துபாயும் 2,950. சென்னை-துபாய் 2,930. மூன்றும் ஒன்று! வரைபடத்தில் திருவனந்தபுரம் மேற்கே, அரபிக் கடலோரம் இருப்பதால் பக்கம் என்றுதான் தோன்றும். ஆனால் துபாய் வெறும் மேற்கில் இல்லை; வடமேற்கில், 25 பாகைக்கு மேலே இருக்கிறது. மேற்கே தள்ளி இருப்பதால் திருவனந்தபுரம் சம்பாதிக்கிறதை, தெற்கே தாழ்ந்து இருப்பதால் இழந்துவிடுகிறது. கொழும்புக்கும் இதே கதை: மதுரையில் இருந்து 355, திருவனந்தபுரத்தில் இருந்து 357. (வாகைக்குளத்தில் இருந்து கொழும்பு வெறும் 267 கி.மீ., சென்னைக்குள்ள தூரத்தில் பாதி. விமானம்தான் இல்லை.) சிங்கப்பூருக்குச் சென்னையில் இருந்து 2,920, மதுரையில் இருந்து 3,010, திருவனந்தபுரத்தில் இருந்து 3,100, மிகக் கூடிய வித்தியாசமே ஜெட் வேகத்தில் பதின்மூன்று நிமிடம்.

ஆக, வெளிநாட்டுக்குப் போகும்போது எந்த ஓடுதளத்தில் இருந்து பறக்கிறோம் என்பது வானத்தில் ஒரு பொருட்டே இல்லை. துபாய்க்கு எங்கிருந்து ஏறினாலும் நாலு, நாலேகால் மணி நேரம். குளிர்காலத்தில் வடக்கே ஓங்கி அடிக்கும் மேல்வான மேலைக்காற்றால் போகும்போது சற்று நீளும், திரும்பும்போது குறையும். முடிவைத் தீர்மானிப்பவை மூன்று: வீட்டில் இருந்து சாலை, நேரடி விமானம் இருக்கிறதா, பெட்டியின் எடை.

நேரடி விமானம் என்றால் திருவனந்தபுரத்தை மிஞ்ச ஆள் இல்லை. துபாய், ஷார்ஜா, அபுதாபி, தோஹா, மஸ்கட், பஹ்ரைன், குவைத் என்று வளைகுடாவின் பெரிய ஊர்கள் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து ஏறலாம், அந்தந்த நாட்டு நிறுவனங்களே வந்துபோகின்றன. மதுரைக்குச் சுங்க வசதி வந்து, 2012 செப்டம்பர் 20-ஆம் தேதி கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியது. ஆனால் வளைகுடா நாடுகளோடு இந்தியா போட்டுள்ள விமான ஒப்பந்தங்களில் மதுரை இறங்குமிடமாகச் சேராததால், அந்நாட்டு நிறுவனங்கள் அங்கே வர முடிவதில்லை. இந்திய நிறுவனம் விட்டால்தான் உண்டு. அதனால் மதுரையில் கிடைப்பது சில ஊர்களுக்கு மட்டும், நாளுக்கு ஒன்றோ இரண்டோ. கடையநல்லூர், மேலப்பாளையம், ஏர்வாடி, காயல்பட்டினம் என்று வளைகுடாவோடு தலைமுறையாகத் தொடர்புள்ள ஊர்க்காரர்கள் திருவனந்தபுரத்தையே பிடித்துக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் இருந்து துபாய்க்கு, வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னால் போவதாகக் கணக்கிட்டால்: திருவனந்தபுரம் வழி 11 மணி நேரம். மதுரையில் நேரடி விமானம் தோதாகக் கிடைத்தால் 9 மணி 45 நிமிடம். வாகைக்குளத்தில் ஏறிச் சென்னையில் மாறினால், இடையில் மூன்றரை மணி விட்டு, 11 மணி 35 நிமிடம். மூன்றாவது வழி பார்க்க நீளமாகத் தெரிந்தாலும் மார்த்தாண்டம் நெரிசலில் ராத்திரி டாக்ஸியில் உட்கார்வதை மிச்சப்படுத்தும். மாதம் ஒரு தடவை போய்வருகிறவருக்கு இது பரவாயில்லாத வழி. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், இருக்க வேண்டும்.

தனித்தனி டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும்? உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோ, வளைகுடா டிக்கெட்டில் 30 கிலோ. முப்பது கிலோப் பெட்டியோடு வாகைக்குளம் கவுன்டரில் நின்றால் மிச்சம் 15 கிலோவுக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். நேரடி விமானத்துக்கும் இதற்கும் இருந்த விலை வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும். சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, டிக்கெட் பணம் போனது போனதுதான். ஒரே பி.என்.ஆர். என்றால் வெளிநாட்டு எடை வரம்பே முதல் விமானத்துக்கும் பொருந்தும், தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை. தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டிய நிலை என்றால் இடையில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள், அல்லது முந்தின ராத்திரி ரயிலில் ஏறிவிடுங்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் நாலாவது நிறுத்தம் திரிசூலம். எதிரே விமான நிலையம்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மை விட ஒன்றரை மணி பின்னால். காலை 10 மணிக்குக் கிளம்பி 12.45-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் பயணம் 2.45 இல்லை, 4.15. திரும்பி வரும்போது அதே பயணம் 5.45 போலத் தெரியும். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால், அங்கே இது தலைகீழ். விமான நிலையத்துக்கு அழைக்க வருகிறவருக்கு நேரம் சொல்லும்போது இதில்தான் குழப்பம் வரும்.

சாலை என்ற பெரிய விமானம்

திருவனந்தபுரத்துக்கு நெல்லையில் இருந்து காவல்கிணறு வரை நான்குவழிச் சாலை, ஓட்டுநருக்குக் கவலையே இல்லை. நாகர்கோவிலைத் தாண்டியதும் பாதை சுருங்கும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை எல்லாம் சாலையை ஒட்டியே கடையும் பள்ளியும் உள்ள ஊர்கள். காலை எட்டு முதல் பத்து, மாலை நாலு முதல் ஏழு அந்த 60, 70 கி.மீ.க்கே இரண்டேகால் மணி பிடிக்கும். அதிகாலை இரண்டு மணிக்கு அதே தூரம் ஒன்றரை மணி. வளைகுடா விமானங்கள் பல விடியற்காலையில் கிளம்புவதால் இது ஒரு வகையில் சௌகரியம்தான். வண்டி பேசும்போது ஓட்டுநரிடம் ஆல் இந்தியா பர்மிட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் களியக்காவிளையில் கட்டும் எல்லை வரி உங்கள் தலையில் விழும்.

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்தாருக்குத் திருவனந்தபுரம் இன்னும் 40 கி.மீ. குறைவு. தென்காசி, செங்கோட்டைக்காரர் நாகர்கோவில் சுற்ற வேண்டியதில்லை: புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு வழியாக நூறு கி.மீ. சொச்சம், மூன்று மணி நேரம். மலைப்பாதையில் புளியரை வளைவுகளில் லாரி ஒன்று பழுதாகி நின்றால் விமானம் போச்சு. அதற்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைப்பது கட்டாயம். மழைக்காலத்தில் ராத்திரிப் பயணத்துக்கு இந்த வழி வேண்டாம். தென்காசியில் இருந்து ஆலங்குளம், நெல்லை வழியாக வாகைக்குளம் 90 கி.மீ.க்குள், சென்னைக்குப் போகிறவருக்கு அதுதான் சரி.

திருவனந்தபுரத்தில் இரண்டு முனையங்கள் ஓடுதளத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன. உள்நாட்டு முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம், பன்னாட்டு முனையம் சாக்கை பைபாஸ் பக்கம். மாறிப் போய் இறங்கினால் நடந்து கடக்க வழியில்லை, ஊரைச் சுற்றி வண்டியில் வர வேண்டும். சில உள்நாட்டு விமானங்கள் பன்னாட்டு முனையத்தில் இருந்தும் கிளம்புவதுண்டு. டிக்கெட்டில் டி1, டி2 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஓட்டுநரிடம் சங்குமுகமா சாக்கையா என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. இன்னொன்று, வேறு எந்த ஊரிலும் காணாதது: பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் குறுக்கே கடந்து கடலுக்குப் போகும். அந்த இரண்டு மாலையும் சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் நிற்கும். நிறுவனங்கள் முன்கூட்டியே நேரத்தை மாற்றிச் செய்தி அனுப்பும். பயண முகவர் வழியாக எடுத்தவர்களுக்கு அந்தச் செய்தி முகவரின் எண்ணுக்குத்தான் போகும்.

மதுரைப் பாதையில் கயத்தாறு அருகே சாலைப்புதூர், சாத்தூருக்குப் பக்கத்தில் எட்டூர்வட்டம், திருமங்கலம் தாண்டிக் கப்பலூர் என்று சுங்கச்சாவடிகள். கப்பலூரில் சுற்றுச்சாலையில் திரும்பினால் ஊருக்குள் போகாமலே விமான நிலையம். ரயிலில் போகிறவர் மதுரை ஜங்ஷனில் இறங்கிப் பத்துப் பன்னிரண்டு கி.மீ. ஆட்டோவில் போக வேண்டும்.

வாகைக்குளத்துக்குக் காரில் போகத் தொல்லை என்றால் வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலம் ஒன்றுதான். பராமரிப்பு வேலை நடக்கும்போது ஒரு பக்கப் பாலத்தில் இரு திசை வண்டியும் விடுவார்கள், இருபது நிமிடம் போகும். பேருந்தில் போகிறவர் புதிய பேருந்து நிலையத்தில் தூத்துக்குடி வண்டியில் ஏறும் முன் வாகைக்குளத்தில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்க வேண்டும். எண்ட் டு எண்ட் வண்டி நிற்காது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் இந்தச் சாலையை முழுதாக நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சாலையும் ரயில் பாதையும் சேர்ந்தே அறுந்தன. புயல் சின்னம் என்று வானிலை மையம் சொல்லிவிட்டால், வெளிநாட்டுப் பயணம் உள்ளவர் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புவதே நல்லது.

ரத்தானால்

பெரிய நிலையத்துக்கும் சின்ன நிலையத்துக்கும் உள்ள நிஜ வித்தியாசம் இதில்தான் தெரியும். திருவனந்தபுரத்தில் ஒரு விமானம் ரத்தானால் அன்றே இன்னொன்றில் இடம் பார்க்கலாம். வாகைக்குளத்தில் சாயந்தர விமானம் ரத்தானால் அடுத்தது மறுநாள்தான். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, முறையாக முன்னறிவிப்பு இல்லாமல் நிறுவனத்தின் காரணத்தால் ரத்தானால், மாற்று விமானமோ முழுப் பணமோ தருவதோடு இழப்பீடும் உண்டு: பிளாக் டைம் ஒரு மணிக்குள் என்றால் 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணி என்றால் 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. சென்னை விமானம் நடு வகையில் வரும். மழை, புயல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, பணம் திரும்பும். ரத்தாகாமல் இரண்டு மணிக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். கேட்டால்தான் கூப்பன் வரும்.

சாயந்தரம் ஆறு மணிக்குள் ரத்து என்று அறிவித்துவிட்டால் கவுன்டரில் சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காமல் பணம் திரும்பப் பெறும் பதிவை மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மேற்கே 32 கி.மீ.யில் நெல்லை எக்ஸ்பிரஸ், கிழக்கே அதைவிடக் குறைந்த தூரத்தில் தூத்துக்குடியில் இருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ், இரண்டும் எட்டரை மணியை ஒட்டிக் கிளம்புகிறவை. ரயிலில் முன்பதிவுப் பட்டியல் (சார்ட்) தயாரான பிறகு காலி இடம் இருந்தால் கரண்ட் புக்கிங்கில் கைபேசியிலேயே கிடைக்கும். போகிற வழியில் இரண்டு ரயிலிலும் தேடுங்கள். விழாக் காலம் இல்லாத நாட்களில் மூன்றடுக்கு ஏ.சி.யில் ஓரிரண்டு இடமாவது விழும், எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்லலாம்.